இலேசான வேலை

(ஹட்டனில் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், சுகாதார ஊழியர்கள், தொழிற்சங்கத்தினர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும்முன் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். எல்லோரும் வலக்கையை நெஞ்சு மட்டத்துக்கு முன்னால் நீட்டி வையுங்கள். கையில் எதுவும் வேண்டாம். விரலை ஆட்டலாம், கை மட்டும் இறங்கக் கூடாது. நான் பேசிக்கொண்டே இருப்பேன். முடியாதவர்கள் எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். எந்த இடத்தில் முதலில் உளைந்தது என்பதை மட்டும் கவனித்து வையுங்கள்.

இந்த நாட்டில் தோட்டத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தைச் சட்டமாக்கியது 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன்படி வகுத்த சம்பளத்தில் ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த விலை, பிள்ளைக்கு இன்னும் குறைந்த விலை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று வந்தது 1984இல்தான். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த வித்தியாசத்தைத் தாங்கி நின்ற நியாயம் உங்களுக்குத் தெரியும். கவ்வாத்து, கான் வெட்டு, முள்ளுக்குத்து எல்லாம் பாரமான வேலை. கொழுந்து எடுப்பது இலேசான வேலை, பொம்பிளை விரலுக்குப் பொருந்தின வேலை. சம்பளம் சமமாகிவிட்டது, இந்த நினைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பாரமான வேலை செய்த ஆண் தன் அளவை முடித்துவிட்டு மத்தியானத்தோடு லயத்துக்கு இறங்கிவிடுகிறான். இலேசான வேலை செய்கிறவள் நாலரை மணி வரைக்கும் நிரையில் நிற்கிறாள். நான் உடற்றொழிலியல் படித்தவன். அந்தக் கண்ணால் பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது என்பதுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது.

கணக்கு எங்கே பிழைத்தது? வேலை பாரமா இலேசா என்று பார்க்க மருத்துவத்தில் பழைய வழி ஒன்று இருக்கிறது. இதயம் எத்தனை தடவை துடிக்கிறது, உடம்பு எவ்வளவு ஒட்சிசனைச் செலவழிக்கிறது என்று அளப்பது. முள்ளுப் போட்டு மண் கிளறுகிறவனுக்கு மூச்சு வாங்கும், வேர்வை கொட்டும், அளவுகோல் எகிறும். கொழுந்து எடுக்கிறவளை அளந்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. 1986இல் நேச்சர் இதழில் கென்யாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. தலையில் சுமக்கும் லுவோ பெண்களும், நம் பெண்களைப் போலவே தலைவாரில் மாட்டி முதுகில் சுமக்கும் கிக்குயு பெண்களும், தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குச் சுமையைக் கூடுதல் சக்தியே செலவழிக்காமல் கொண்டுபோனார்கள் என்றது அந்த ஆய்வு. விஞ்ஞானிகள் வாய்பிளந்தார்கள். 2005இல் நேபாளத்துச் சுமைகாரர்களைப் பற்றி சயன்ஸ் இதழில் வந்த ஆய்வும் கிட்டத்தட்ட அதே வியப்புத்தான். அவர்களும் நெற்றி வாரில் சுமக்கிறவர்கள். ஆகவே தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமப்பது அறியாத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சக்திச் செலவைப் பார்த்தால் அது கெட்டிக்காரத்தனம். ஆனால் அதே கிக்குயு பெண்களில் வார் பதிந்து நெற்றியெலும்பில் பள்ளம் விழுந்தவர்கள் உண்டு. ஒட்சிசனை அளக்கிற கருவிக்கு அந்தப் பள்ளம் தெரியாது.

அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் ஒரு வேலை என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலியில் ரமத்சினி என்ற வைத்தியர் 1700இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி எழுதிய நூலிலேயே, நடக்கிறவனைவிட நிற்கிறவன் களைத்துப்போவதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அதை அளக்க முயன்றதுதான் பிந்தி வந்த கதை. 1960இல் ரோமெர்ட் என்ற ஜெர்மானியர் ஒரு வளைகோடு வரைந்தார். ஒரு தசை தம் கட்டி ஒரே ஒரு தடவை காட்டக்கூடிய முழுப் பலத்தை நூறு என்று வைத்துக்கொண்டால், அதில் பாதியை எத்தனை நேரம் தாங்கலாம், கால்வாசியை எத்தனை நேரம் தாங்கலாம் என்று காட்டும் கோடு அது. பாதிப் பலத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம். சுமை குறையக் குறைய நேரம் நீளும். நூற்றுக்குப் பதினைந்துக்குக் கீழே போனால் எவ்வளவு நேரமும் தாங்கலாம் என்று கோடு முடிவில்லாமல் நீண்டுவிட்டது.

இதற்கு அவர் காலத்தில் நல்ல காரணமும் இருந்தது. தசை இறுகும்போது அதற்குள் ஓடும் குருதிக்குழாய்களை அதுவே நெரிக்கிறது. பலமாக இறுகினால் ஓட்டம் தடைப்படும், கழிவு தேங்கும், தசை கைவிடும். இலேசாக இறுகினால் குருதி தடையில்லாமல் ஓடும், அப்புறம் களைப்பு எங்கிருந்து வரும்? இந்தப் பதினைந்து என்ற எண் பாடப்புத்தகத்தில் ஏறியது, தொழிற்சாலைகளில் மேசை உயரத்தையும் இருக்கையையும் தீர்மானித்தது. சிக்கல் என்னவென்றால் அந்தக் கோடு நிமிடக் கணக்கில் வரைந்தது, வேலை மணிக்கணக்கில் நடக்கிறது. 1977இல் சுவீடனில் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அளவு எது என்று பார்த்தபோது அது எட்டு வீதத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நாள் முழுக்கச் செய்யும் வேலையில் விடாமல் நீடிக்கும் இறுக்கம் இரண்டு வீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும், ஐந்தைத் தாண்டவே கூடாது என்று யொன்சன் என்பவர் பிறகு வரம்பு கட்டினார். பதினைந்திலிருந்து இரண்டு. இருபது வருடத்துக்குள் இவ்வளவு இறக்கம்!

சரி, கையை இன்னும் நீட்டிக்கொண்டிருப்பவர்கள் யார்? முன்வரிசையில் எல்லாக் கையும் மடிக்கு வந்துவிட்டது. அதிபர் ஐயா எப்போதோ இறக்கிவிட்டார். மலையிலிருந்து நேரே இங்கே வந்து அக்காமார் உட்கார்ந்திருக்கும் பின்வரிசையில் இன்னும் சில கைகள் நிற்கின்றன, எல்லாம் வளையல் போட்ட கைகள். ஒரு கையின் எடை உடல் எடையில் இருபதில் ஒரு பங்குதான். இரண்டரை, மூன்று கிலோ. சொந்தக் கையைச் சுமக்கவே தோள் இந்தப் பாடுபடுகிறது. போதும், இறக்குங்கள் அக்கா.

பின்வரிசை ஜெயித்தது பழக்கத்தால் மட்டும் அல்ல. முழங்கையை மடக்கும் தசையை அதன் முழுப் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு இறுக்கி வைத்திருக்கச் சொல்லி அமெரிக்காவில் ஹன்டரும் எனோக்காவும் பார்த்தார்கள், 2001இல் எழுதினார்கள். பெண்கள் ஆண்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான நேரம் தாங்கினார்கள். காரணம் எளியது. பலம் கூடிய தசை இறுகும்போது உள்ளே அழுத்தமும் கூடும், குருதி ஓட்டம் சீக்கிரம் தடைப்படும். பலம் குறைந்த தசைக்கு அந்தத் தொல்லை குறைவு. இதை நான் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். ‘பார்த்தீர்களா, பெண்ணுக்கு இயற்கையிலேயே பொருந்தின வேலை’ என்று இதையும் ஒரு கணக்கில் எழுதிவிடுவார்கள். கூட நேரம் தாங்குகிறவளுக்குக் கூட நேரம் சேதம் விழுகிறது என்பதுதான் இதன் மறுபக்கம். கைவிடுகிற தசை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. கைவிடாத தசைக்கு அந்தக் காவல் இல்லை.

என்ன சேதம்? இதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

தசை என்பது ஒரே கட்டியாக இயங்குவது இல்லை. அதற்குள் ஆயிரக்கணக்கான நார்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நரம்புக்கலம் கட்டளை போடுகிறது. இவற்றைக் கூப்பிடும் ஒழுங்கை ஹென்னமன் என்ற அமெரிக்கர் 1957இல் கண்டு சொன்னார். சின்ன நரம்புக்கலங்கள் முதலில், பெரியவை பிறகு. இலேசான வேலைக்குச் சின்னக் கூட்டங்கள் மட்டும் எழுந்து வரும். சுமை ஏற ஏறப் பெரியவை சேரும். இறங்கும்போது பெரியவை முதலில் போய்ப் படுத்துக்கொள்ளும், சின்னவை கடைசி வரைக்கும் நிற்கும். 1991இல் சுவீடனில் யோரன் ஹெக் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். தசையின் மொத்தப் பலத்தில் மூன்று நான்கு வீதம்தான் செலவாகிறது என்றாலும், அந்த மூன்று நான்கு வீதத்தையும் காலையிலிருந்து மாலை வரை ஒரே கூட்டம் சுமக்கிறது. மற்ற நார்கள் சும்மா கிடக்கின்றன. அந்தச் சின்ன நார்களுக்கு அவர் சிண்டரெல்லா நார்கள் என்று பெயர் வைத்தார். எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கும் பெண்ணைத் தேடி ஹெக் ஐரோப்பியக் கதைக்குப் போனார். அவர் ஒரு தடவை நம் லயத்துக் காம்பராவை எட்டிப் பார்த்திருந்தால் பெயர் வேறாக இருந்திருக்கும்.

ஆக, சராசரி என்ற ஒன்று இங்கே ஏமாற்றுகிறது. தசை முழுவதையும் வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று வீதம். அந்தக் குறிப்பிட்ட நாரை வைத்துப் பார்த்தால் இடைவிடாத முழுநேர வேலை. அந்த நாரிலிருந்து பொற்றாசியம் கசிந்து வெளியேறும், உள்ளே கல்சியம் தேங்கும், குருதி தாராளமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அது களைக்கும். ஹெக் சொன்னது கருதுகோள்தான். ஆனால் அதற்கு முன்பே, 1988இல், கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் தீராத வலியுள்ளவர்களின் தசையில் துணுக்கெடுத்து உருப்பெருக்கியில் பார்த்தவர்களுக்கு, சிவப்புக் கந்தல்போல் சிதைந்த நார்கள் தெரிந்தன. அவை பெரிய நார்கள் அல்ல, இந்த மெதுவான சின்ன நார்கள்.

அடுத்த சான்று நோர்வேயில், ஒரு சொக்லேட் தொழிற்சாலையில். பெட்டியில் சொக்லேட் அடுக்கும் பெண்கள். இலேசான வேலையென்றால் இதைவிட இலேசு கிடையாது. வையர்ஸ்டெட்டும் அவருடைய தோழர்களும் அந்தப் பெண்களின் தோள்பட்டையில் மின்முனை ஒட்டி, தசை எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்று பதிந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்த ஆய்வுகள் வெளிவந்தன. யாருக்கு வலி வந்தது என்பதைச் சுமையின் அளவு காட்டிக்கொடுக்கவில்லை. இடைவெளிகள் காட்டிக்கொடுத்தன. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் தசை முற்றாகத் தளர்ந்தால் அதை ஓர் இடைவெளி என்று எண்ணினார்கள். கண் சிமிட்டுகிற நேரம். அப்படிப்பட்ட இடைவெளிகள் அதிகம் உள்ளவர்கள் தப்பினார்கள், குறைந்தவர்கள் வலிக்காரர்கள் ஆனார்கள். வெஸ்ட்கார்டும் டி லூக்காவும் 1999இல் காட்டியது இதற்கு மேலும் ஒரு படி: இறுக்கத்தில் சிறிய தளர்ச்சி ஒன்று விழுந்தால், அதுவரை உழைத்த கூட்டம் ஓய்ந்து இன்னொரு கூட்டம் வேலையை ஏற்றுக்கொள்வதுண்டு. நரம்பு மண்டலத்துக்கு ஆள் மாற்றத் தெரியும். அதற்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது மலைக்குப் போவோம். கொழுந்து எடுக்கும் பெண்ணின் விரல் ஓயாமல் அசைகிறது. பார்க்கிறவர்கள் கண் அங்கேதான் போகிறது. சுற்றுலாக்காரர் படம் எடுப்பதும் அந்த விரலைத்தான். எனக்கு விரலைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. நீங்கள் விரலை விட்டுவிட்டு அவள் உடம்பில் அசையாமல் நிற்பது எது என்று பாருங்கள். இரண்டு கையும் செடி மட்டத்துக்கு மேல் முன்னால் நிற்கின்றன. தலை குனிந்து நிற்கிறது. தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ. நிமிர்ந்திருந்தால் முதுகெலும்பு தாங்கும், குனிந்தால் பிடரித் தசை பிடித்திழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இது போதாதென்று உச்சந்தலையில் கயிறு. முதுகிலே உள்ள கூடை, இப்போது பல தோட்டங்களில் சாக்குப்பை, தலையைப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுவைக்கு ஈடுகொடுக்கக் கழுத்தின் முன்பக்கத் தசையும் இறுகுகிறது. பின்னாலும் முன்னாலும் ஒரே நேரத்தில் இறுக்கம். ஒரு பக்கம் தளர்ந்தால் மற்றப் பக்கம் தலையைக் கொண்டுபோய்விடும், ஆகவே இரண்டும் தளராது.

இடுப்பு தனிக் கதை. முழுதாகக் குனிந்து வயலில் நாற்று நடுகிறவருக்கு ஒரு கட்டத்தில் முதுகுத் தசை வேலையை விட்டுவிடுகிறது. எலும்பைக் கட்டியிருக்கும் நாண்களே பாரத்தைத் தாங்கும். 1950களில் ஃபிளொய்ட், சில்வர் என்ற இருவர் மின்பதிவில் இதைக் காட்டினார்கள். நாணுக்கு அது நல்லதல்ல, அது வேறு விஷயம். தேயிலைச் செடியோ இடுப்பு மட்டத்தில் நிற்கிறது. அதன்மேல் சாய்ந்து எட்டி எடுக்க உடம்பு கொஞ்சமாக மட்டும் குனிகிறது. நிமிர்ந்தால் கிடைக்கும் ஓய்வும் இல்லை, முழுதாகக் குனிந்தால் கிடைக்கும் ஓய்வும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, நாள் முழுக்க. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே.

கான் வெட்டுகிறவன் மண்வெட்டியை ஓங்குகிறான், இறக்குகிறான், இழுக்கிறான். ஒவ்வொரு ஓங்கலுக்கும் ஒரு தளர்ச்சி உண்டு. தசை இறுகியும் தளர்ந்தும் தானே குருதியை இறைத்துக்கொள்கிறது. அவனுக்கு மூச்சு வாங்கும், நிற்பான், வெற்றிலை போடுவான், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூச்சு வாங்காத வேலைக்கு நின்று மூச்சு விட உரிமை கிடையாது போலும்.

நுவரெலியாக் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்தான் வலிக்குக் காரணம் என்று எல்லோரும் சொல்வோம். 1958இல் இங்கிலாந்தில் முன்கையை வெவ்வேறு சூட்டில் உள்ள தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது, சூடான தண்ணீரில் அல்ல, 18 பாகைத் தண்ணீரில்தான் தசை அதிக நேரம் தாங்கியது. அதற்குக் கீழே போனால் தாங்கும் நேரம் குறைந்தது. ஆகவே காலைக் குளிரின்மேல் எல்லாப் பழியையும் போட வேண்டாம். நனைந்த படங்கும் நனைந்த கொழுந்தும் வேறு. மழைநாளில் கூடையில் ஏறும் தண்ணீரை நிறுவையில் கழிக்கிறார்கள். கழுத்து அதைக் கழித்துச் சுமப்பதில்லை.

இனி டிஸ்பென்சரிக்கு வருவோம். ஓர் அக்கா வந்து, ‘தோள்பட்டைக்குள்ள ஊசியால குத்துது, ராவைக்குக் கையத் தூக்கி வைக்க முடியல’ என்கிறாள். மருந்து கொடுப்பவர் தன் விரலை நீட்டி, ‘இறுக்கிப் பிடியுங்க’ என்கிறார். அவள் பிடிக்கிற பிடியில் அவருக்கு விரல் நோகிறது. பலமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பனடோல் இரண்டு, தைலம் பூசுங்கள், நாளைக்கு வேலைக்குப் போகலாம். அவர்மேல் குற்றமில்லை, அவருக்குக் கற்பித்த பரிசோதனை அப்படி. 1977இல் எட்வர்ட்சும் அவர் கூட்டாளிகளும் களைத்த தசைக்கு மின் தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். வேகமான தூண்டலுக்குத் தசை காட்டும் முழுப் பலம் சீக்கிரம் திரும்பிவிட்டது. மெதுவான தூண்டலுக்குக் காட்டும் பலம் திரும்ப ஒரு நாள் கூடப் பிடித்தது. அன்றாட வேலையில் நரம்பு அனுப்புவது அந்த மெதுவான தூண்டலைத்தான். ஆகவே இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் தசை ஆரோக்கியம் என்று பதில் வரும். கொழுந்துக்குக் கை நீட்டச் சொன்னால் வேறு பதில் வரும். மாலையில் இறங்கியவள் மறுநாள் பிரட்டுக்கு நிற்கும்போது நேற்றைய களைப்பே இன்னும் முழுதாய் ஆறியிருக்காது. நடுவிலே விறகு, தண்ணீர், இடுப்பில் பிள்ளை. தசைக்கு அது தோட்டத்து வேலையா வீட்டு வேலையா என்று தெரியாது.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். டென்மார்க்கில் அலுவலகப் பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி கொடுத்துக் கழுத்து வலியைக் குறைத்திருக்கிறார்கள், நல்ல ஆய்வு. ஆனால் நாலரை மணிக்கு மலையிறங்குகிறவளிடம் போய், ‘அக்கா, இனி இருபது நிமிடம் உடற்பயிற்சி’ என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அசாமில் நந்திதா பட்டாச்சார்யாவும் தேப்குமார் சக்ரவர்த்தியும் கூடையின் அமைப்பையே மாற்றிப் பார்த்து 2012இல் எழுதினார்கள். அந்தத் திசை சரி. பாரம் தலையிலிருந்து இடுப்புக்கு இறங்க வேண்டும். கத்தரி கொண்டு வெட்டுவதைப் பற்றியும் கேட்பீர்கள். கத்தரி விரலுக்கு விடுதலை, தோளுக்கு அல்ல. இரண்டு கையாலும் ஒரு கருவியை நாள் முழுக்க ஏந்தி நிற்க வேண்டும். அதோடு கிலோ அளவையும் உயர்த்தினால் நிலைமை முன்னையதைவிட மோசம்.

இடைவெளிதான் மருந்து என்றால், இடைவெளியைத் தின்பது எது என்று பார்க்க வேண்டும். பதினாறோ பதினெட்டோ இருபதோ, தோட்டம் வைத்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்தப் பயத்தில் முதலில் போவது கண் சிமிட்டுகிற அந்தத் தளர்ச்சிகள்தான். நிரை முடிவில் கயிற்றைக் கழற்றி நிமிர்ந்து நிற்கும் அரை நிமிடம் அடுத்ததாகப் போகும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் மட்டும் மிஞ்சும். அந்த ஒரு மணி நேரத்தைக் காட்டி, ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்பார்கள். காலை நாலு மணி நேரம் விடாமல் இறுகிய நாருக்குப் பன்னிரண்டு மணிக்குக் கிடைக்கும் ஓய்வு பிந்தி வந்த ஓய்வு.

சங்கத்துத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது ரூபாயைப் பேசுகிறீர்கள், கிலோவைப் பேசுகிறீர்கள். நிறுவை எத்தனை தடவை என்று பேசியதுண்டா? நாளுக்கு மூன்று நிறுவை என்றால், இருபது கிலோ எடுக்கிறவள் கழுத்தில் ஒவ்வொரு தடவையும் ஆறேழு கிலோ சேரும் வரை கயிறு இருக்கிறது. நிறுவை ஐந்தானால் நாலு கிலோவோடு இறங்கிவிடும். கயிறு கழன்று நிமிர்ந்து நிற்கும் நேரமும் இரண்டு தடவை கூடும். துரைமார் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும்: நிறுக்கும் இடத்துக்கு நடந்து போய் வருவதில் நேரம் போகும், கொழுந்து குறையும். தராசை நிரைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள் என்பது அதற்குப் பதில். கையில் தூக்கிப்போகும் தராசு இல்லாத பொருள் அல்ல. கொஞ்சம் குறைந்தால் எவ்வளவு குறைகிறது என்று ஒரு மலையில் ஒரு மாதம் வைத்துப் பார்க்கட்டும், கணக்கப்பிள்ளை எழுதும் அதே செக்ரோலில் விடை வந்துவிடும்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பின்வரிசையிலிருந்து தொடங்கலாம்.